ஸ்டீல்ஸ் றோட்டு லைசென்ஸ் கஞ்சாக் கடை: தம்பியோட போய் வந்த அனுபவம்

கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கம், ஸ்டீல்ஸ் றோட்டின்ர தெற்குப் பக்கம், ஒரு பிளாசாவுக்குள்ள, புடவைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில இருக்கிற கஞ்சாக் கடையைப் பற்றித்தான் எழுதுறன். பேர் போடேல்ல. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில 1,500க்கு மேல லைசென்ஸ் கடையள் இருக்கு, எல்லாத்துக்கும் சாமான் மாகாண அரசின்ர ஒரே மொத்த விற்பனை நிறுவனத்திட்ட இருந்துதான் வருது, அதால ஒண்டைப் பாத்தா மற்றதும் விளங்கும்.

முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு இரவில நித்திரை இல்லை. டொக்டரோட கதைச்சுப்போட்டுத்தான் போனனான். தனியப் போகக் கூச்சமா இருந்தது, தம்பியைக் கூட்டிக்கொண்டு போனன். அவனைக் கூட்டிக்கொண்டு போனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, பிறகு சொல்லுறன்.

வெளியில நிண்டு பாத்தா உள்ளுக்க என்ன இருக்கு எண்டு ஒண்டும் தெரியாது, கண்ணாடி முழுக்க மறைச்சிருக்கு. வாசலிலயே ஐடி கேட்டவை. எனக்கு 52 வயசு, அப்பிடியும் லைசென்ஸை வாங்கி, திருப்பிப் பாத்து, பிறகுதான் உள்ள விட்டவை. எங்களுக்கு முன்னால ரெண்டு பெடியள், ஒருத்தனுக்குப் 19 ஆகேல்ல போல, வாசலில நிண்ட பிள்ளை ரெண்டு பேரையுமே திருப்பி அனுப்பிப்போட்டுது. அவங்கள் கெஞ்சினவங்கள், பிள்ளை அசையேல்ல. முந்தி நாங்கள் இருந்த பில்டிங்கின்ர பின் படிக்கட்டில ஒருத்தன் நிண்டு விக்கிறவன், பத்தாம் வகுப்புப் பெடியனுக்கும் குடுத்தவன், நான் என்ர கண்ணால பாத்தனான். அதே ஆளிட்டத்தான் மற்ற மோசமான தூளும் இருந்தது, கஞ்சா வாங்கப் போற பிள்ளைக்கு அதையும் காட்டுவான். இந்த வித்தியாசத்துக்கே இந்தக் கடைக்கு நான் மார்க்ஸ் குடுப்பன்.

உள்ள ஒரு தமிழ்ப் பிள்ளைதான் கவுண்டரில நிண்டது. "அங்கிள், முதல் நாள் ஒண்டை மட்டும் எடுங்கோ, ரெண்டு மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கோ, வேலை செய்யேல்ல எண்டு உடன இன்னொண்டு போடாதேங்கோ, எடுத்துப்போட்டுக் கார் ஓடவே கூடாது" எண்டு வடிவா விளங்கப்படுத்திச்சுது. நான் வாங்கினது கஞ்சா கலந்த "கம்மி" எண்டுற சப்பிற இனிப்பு, நாலு துண்டு, ஒண்டுக்கு 2.5 மில்லிகிறாம் டி.எச்.சி (கஞ்சாவில போதை தாற பொருள்). ஒரு பக்கெட்டுக்கு மொத்தம் 10 மில்லிகிறாமுக்கு மேல போடேலாது எண்டு சட்டம். பக்கெட்டில படமோ வடிவான கலரோ இல்லை, மஞ்சள் பெட்டிக்குள்ள எச்சரிக்கை, சிவப்பில எட்டு மூலைக் குறி, பக்கத்தில வரி கட்டின முத்திரை. சின்னப் பிள்ளையள் திறக்கேலாத மாதிரிச் செய்திருக்கினம், கை நோவுள்ள வயசாளியளுக்கு அது கஷ்டம்தான், எண்டாலும் வீட்டில பேரப்பிள்ளையள் இருக்கிறவைக்கு அது கட்டாயம் வேணும்.

எனக்குக் குறையாப் பட்டது விலைதான், கூட. உலர்ந்த கஞ்சாவுக்குக் கிறாமுக்கு ஆகக் குறைஞ்சது ஒரு டொலர் வரி, அதுக்கு மேல 13 வீத விற்பனை வரி, பிறகு மொத்த வியாபாரத்தில வைக்கிற லாபம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின சட்டம் 2018 ஒக்டோபர் 17 வந்தது, தனியார் கடையள் 2019 ஏப்ரலில திறக்கேக்க முழு ஒன்ராறியோவுக்கும் 25 லைசென்ஸ்தான், அதுவும் குலுக்கலில. அந்த நேரம் கடையில கிறாம் 10 டொலர் போனது, களவா வாங்கினா ஆறுக்குக் கிட்ட. சனம் எங்க போகும்? அந்த வருசக் கோடையில ரொறன்ரோ மாநகரசபை சில கள்ளக் கடையளின்ர வாசலில பெரிய கொங்கிறீட் கட்டையளைக் கொண்டுவந்து வச்சது, அந்தக் கடைக்காரர் நடைபாதையில நிண்டு வித்தவை! கடையள் பெருகி விலை இறங்கின பிறகுதான் பாதிக்கு மேல சனம் இந்தப் பக்கம் வந்தது. ஸ்டீல்ஸுக்கு வடக்கால இருக்கிற மார்க்கம் நகரத்தில கடையே வேண்டாம் எண்டு மாநகரசபை நிண்டது, அதாலதான் இந்தப் பிளாசாவில மார்க்கம் ஆக்களின்ர கார் இவ்வளவு நிக்குது, இங்க வர மினக்கெடாத ஆக்களுக்குப் போனில மெசேஜ் போட்டா வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கிற கள்ள வியாபாரம் இப்பவும் நடக்குது. மிசிசாகா நகரமும் அப்பிடித்தான் நிண்டு, 2023லதான் கடையளை விட்டவை.

சட்டமாக்கினா குற்றம் குறையுமா எண்டு ஊரில இருக்கிற சொந்தக்காரர் போனில கேக்கினம். நான் சொல்லுறது இதுதான். கஞ்சாக் கேஸ் குறைஞ்சது, அதில சந்தேகமே இல்லை. 2016ல கனடா முழுக்கப் பொலிஸுக்குப் போன கஞ்சாக் கேஸ் ஏறக்குறைய 55,000, அதில முக்கால்வாசி சும்மா கையில வச்சிருந்த கேஸ். இப்ப வெளியில 30 கிறாம் வச்சிருந்தாலும் ஒருத்தரும் கேக்கேலாது. ஆனா கார்க் களவு, துவக்குச்சூடு இதெல்லாம் கஞ்சாக் கடையால குறையும் எண்டு நான் சொல்லமாட்டன், இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் ரொறன்ரோவில கார்க் களவு அந்தளவுக்குக் கூடினது. அதுக்கு வேற காரணம், வேற ஆக்கள்.

எண்டாலும் அந்த 55,000 எண்டுறது வெறும் நம்பர் இல்லை. என்ர தம்பி 2009ல ஒரு பார்க்கில கூட்டாளியளோட நிக்கேக்க பிடிபட்டவன், சட்டைப் பையில ரெண்டு கிறாம். அவனுக்கு அப்ப 20 வயசு. அம்மா கோர்ட்டுக்கு வெளியில வாங்கில இருந்து அழுதது எனக்கு இப்பவும் கண்ணுக்க நிக்குது. பிறகு ட்ரக் ஓடப் பழகினான், எங்கட கனபேர் செய்யிற வேலை, ஆனா நல்ல காசு அமெரிக்கா போய் வாற ஓட்டத்திலதான், அந்தக் கேஸால அவனை போர்டரில விடேல்ல. 2019ல கஞ்சா வச்சிருந்த கேஸுக்கு மட்டும் காசு கட்டாமக் குற்றப் பதிவை ஒதுக்கி வைக்கிற மன்னிப்புச் சட்டம் வந்தது, அவன் எழுதிப் போட்டு எடுத்துப்போட்டான். ஆனா அமெரிக்கன் போர்டர் கனடா குடுக்கிற இந்த மன்னிப்பைக் கணக்கெடுக்கிறேல்ல. இப்பவும் ஒன்ராறியோக்குள்ளதான் ஓடுறான்.

கடைக்குள்ள அவன் ஒண்டும் வாங்கேல்ல. கண்ணாடி அலுமாரிக்கு முன்னால கன நேரம் நிண்டு, ரெண்டு கிறாம் என்ன விலை எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேட்டான். அது விலையைச் சொல்லிச்சுது. "சரி தங்கச்சி" எண்டுபோட்டு வெளியில போட்டான்.

போறவைக்கு: கிழமை நாளில பின்னேரத்துக்கு முதல் போங்கோ, சனி எண்டா பார்க்கிங் கிடையாது. ஐடி மறக்காதேங்கோ. பக்கெட்டை உடைக்காம ட்ரங்குக்குள்ள வச்சுக் கொண்டு வாங்கோ, பிளேன் ஏறேக்கயும் அமெரிக்கா போகேக்கயும் பையை ஒருக்கா வடிவாப் பாருங்கோ, நாட்டுக்கு வெளியில கொண்டு போனா அது இப்பவும் பெரிய குற்றம்தான்.