‘பர்மிஷன் எல்லாம் இன்க்ளூடட் ப்ரோ’: ராக் ஸ்லைடு ட்ரெக் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பி, மலை ஏறி இறங்கி, ராத்திரி சென்னை திரும்பிவிடலாம் என்று இன்ஸ்டாகிராமில் நிறைய விளம்பரம் ஓடுகிறது. அதில் ‘ராக் ஸ்லைடு ரூட்’, அதாவது பாறை சரிந்த வழி, என்று ஒன்றைப் பார்த்தால் பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். மலையின் பெயரும் வேண்டாம். ஜவ்வாது மலைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அடுத்த வாரமே நாலு பேர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஆளுக்கு 1,850 ரூபாய். கோயம்பேட்டிலிருந்து வேன், இரண்டு வேளைச் சாப்பாடு, ஹெல்மெட், கைடு, இன்சூரன்ஸ், வனத்துறை அனுமதி எல்லாம் அதற்குள்ளேயே. எனக்கும் என் தங்கைக்கும் கட்டினேன். அனுமதிக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, “பர்மிஷன் எல்லாம் இன்க்ளூடட் ப்ரோ, லெட்டர் ஸ்பாட்ல இருக்கும்” என்று பதில். இன்சூரன்ஸுக்கு என்று ஆதார் நகல் வாங்கினார்கள், பாலிசி எண் கடைசிவரை வரவில்லை. பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் ஜிபேவுக்கு.

வேன் தாமதம், ஆறிப்போன இட்லி, இதையெல்லாம் விடுங்கள். அதற்காக யாரும் பதிவு போடுவதில்லை. அடிவாரத்தில் ஹெல்மெட் மூட்டையைப் பிரித்தார்கள். எல்லாம் பழைய பைக் ஹெல்மெட். பாதிப் பேருக்குத்தான் இருந்தது. எனக்கு வந்ததில் வார் அறுந்து, சணல் கயிறு கட்டியிருந்தது.

அப்புறம் கைடு. பயிற்சி பெற்ற கைடு என்று விளம்பரத்தில் இருந்தவர், அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எங்கள் கண்ணெதிரேதான் 300 ரூபாய் பேசி அவரைக் கூட்டிக்கொண்டார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். எந்தப் பக்கம் ஏறப் போகிறோம் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். “அது வழி இல்ல தம்பி. மழையில மல சரிஞ்ச எடம். எங்க ஆடே அதுல ஏறாது” என்றார். கூட்டி வந்த பையன், “அதான் தாத்தா த்ரில்லே” என்று சிரித்தான்.

அந்த இடத்தைப் பார்த்தால் விஷயம் தெரியாதவர்களுக்கும் வயிற்றைக் கலக்கும். சுற்றிலும் கறுத்து, பாசிப்படை படிந்த பாறைகள். நடுவில் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெளிறிய கோடு, அதில் புல் பூண்டு கிடையாது. ஒரு சரிவில் கற்கள் வெளிறி, செடி எதுவும் முளைக்காமல் இருந்தால் அது அண்மையில் விழுந்தது, இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். உதிரிக் கற்குவியல் சுமார் முப்பது முப்பத்தைந்து டிகிரி சாய்வில்தான் நிற்கும். அதுதான் அதன் எல்லை. அந்த எல்லையில் நிற்கும் குவியலில் ஒருவர் கால் வைத்தாலே மேலே உள்ளது இறங்கப் பார்க்கும். நம் பக்கத்து மலைகளில் இன்னொரு சிக்கல். பாறை உருண்டையாகச் சிதைந்து, இடையில் மண்ணாக இருக்கும். பெருமழை அந்த மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டால் குண்டுக்கல்லுக்குப் பிடிமானமே இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குத் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடி ஏழு பேர் போனார்களே, நினைவிருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தலைக்கு நேர் மேலே இன்னொருவர் ஏறக் கூடாது. குறுக்காக விலகி, சின்னச் சின்னக் கூட்டமாகப் போக வேண்டும். கல் உருண்டால் உடனே கத்த வேண்டும். இதில் ஒன்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. மொத்தப் பேரையும் ரேஷன் கடை வரிசை மாதிரி நேராக ஏற்றிவிட்டு, அந்தப் பையன் ரீல்ஸ் எடுக்க மேலே போய்விட்டான்.

பாதி ஏறியிருப்போம். மேலே யாரோ கால் வைத்த இடம் நழுவியது. தேங்காய் அளவுக் கல் ஒன்று இரண்டு தடவை எம்பிக் குதித்து வந்து, எனக்கு முன்னால் போன கல்லூரிப் பெண்ணின் முழங்கையில் பட்டது. ஹெல்மெட் கிடைக்காதவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. போனில் சிக்னல் இல்லை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும், காலாவதியான ஆயின்மென்ட்டும். பெரியவர் தன் துண்டை அவிழ்த்துக் கையைத் தூக்கிக் கட்டிவிட்டு, “உக்காந்து உக்காந்தே எறங்கும்மா” என்று பக்கத்திலேயே இருந்து இறக்கிவிட்டார்.

கீழே வந்தால் வனத்துறை ஜீப் நிற்கிறது. “பர்மிஷன் எங்க?” என்றார் வனக்காப்பாளர். இல்லை. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அவர் சொல்லித்தான் மீதியும் தெரிந்தது. அந்த மலைக்கு மறுபக்கம் நல்ல பாதை இருக்கிறது, ஆனால் அது சோதனைச் சாவடி வழியாகத்தான் போகும். ஆக, சரிவு வழியை இவர்கள் த்ரில்லுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. சாவடியில் யார் கண்ணிலும் படாமல் ஆட்களை ஏற்றத்தான் அந்த வழி. அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயரை வைத்துக் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள். கடைசியில் அபராதத்தையும் ‘எல்லாரும் ஷேர் பண்ணிக்கலாம்’ என்றான் அந்தப் பையன். வேனில் சண்டையே நடந்தது.

அந்தப் பெண்ணுக்கு எலும்பில் கீறல், மாவுக்கட்டு. செலவு முழுக்க அவர்கள் வீட்டில்தான். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டதும் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பேசும்படி மாற்றினார்கள், மறுநாள் எங்களை நீக்கினார்கள். பணத்தைக் கேட்டால் அடுத்த ட்ரெக்கில் கழித்துக்கொள்கிறார்களாம்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சென்னையிலிருந்து மலையேறப் போனவர்களும் கருகிப்போனார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாடு அரசு தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை அரசே ஆன்லைன் முன்பதிவில் திறந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை அதில் இருக்கிறது. தனியார் மூலம் போவதானால் தேதி, பாதை, ஆட்களின் எண்ணிக்கை போட்ட வனத்துறைக் கடிதத்தைப் பணம் கட்டும் முன்பே வாங்கிப் பாருங்கள். ஸ்பாட்டில் தருகிறேன் என்றால் கடிதம் இல்லை என்று அர்த்தம்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அந்த நிறுவனத்தாரோ இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை மாற்றி, அதே சரிவின் படத்தைப் போட்டு அடுத்த மாதத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். அன்று அந்த வேனில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜிபே ரசீதையும் அடிவாரத்தில் எடுத்த ஹெல்மெட் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். ஒரே மனுவில் சேர்த்துவிடுகிறேன்.