வாக்குச்சீட்டில் இல்லாத தலைவர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குத் தலைவரைத் தேடுவதில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, கட்சிகள் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே முன்னணி வேட்பாளரை அறிவித்து ஓட்டுக் கேட்பது. இன்னொன்று, ஓட்டு எண்ணி முடிந்தபின் நாட்டுத் தலைவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிப்பது. ஒன்றியத்தின் விதிகளை வகுக்கும் லிஸ்பன் ஒப்பந்தம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. தேர்தல் முடிவைக் ‘கருத்தில் கொண்டு’ நாட்டுத் தலைவர்கள் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும். கருத்தில் கொள்வது என்றால் எவ்வளவு தூரம்? சண்டையே அதில்தான்.

2014-ல் முதல் வழி ஜெயித்தது. ஐரோப்பிய மக்கள் கட்சி முன்னிறுத்திய, லக்சம்பர்க்கின் முன்னாள் பிரதமர் யுங்கரை நாட்டுத் தலைவர்களில் பிரிட்டனின் கேமரனும் ஹங்கேரியின் ஓர்பானும் மட்டும் எதிர்த்தார்கள், 26-க்கு 2.

2019-ல் கதை மாறியது. அதே கட்சியின் மான்ஃப்ரெட் வெபரை பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ஏற்கவில்லை. சோஷலிஸ்டுகளின் டிம்மர்மன்ஸை கிழக்கு நாடுகள் தடுத்தன. விடிய விடியப் பேசி, பிரசாரத்தில் எங்குமே இல்லாத ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லையனைப் பிடித்தார்கள். கூட்டணிக் கட்சி முரண்டு பிடித்ததால் அவருடைய சொந்த நாட்டு அதிபர் மெர்கலே வாக்களிக்காமல் ஒதுங்கினார்! நாடாளுமன்றத்தில் 374 தேவை, கிடைத்தது 383. ஒன்பது ஓட்டில் தப்பித்த தலைமை.

அப்படியானால் முதல் வழிதான் மக்கள் வழியா? அவசரப்பட வேண்டாம். முகம் காட்டி ஓட்டுக் கேட்ட 2014-ல் வாக்குப்பதிவு 42.6 சதவீதம்தான். 2019-ல் அது 50-ஐத் தாண்டியது; ஜெயித்த கட்சியின் வேட்பாளரை ஓரங்கட்டியதும் அதே ஆண்டுதான். வாக்குச்சீட்டையே பாருங்கள். வெபரின் பெயர் பவேரியாவில் அவர் கட்சிப் பட்டியலின் தலையில் இருந்தது. பாரிஸிலோ ரோமிலோ ஓட்டுப் போட்டவர் அவர் பெயரைச் சீட்டில் பார்த்திருக்கவே முடியாது. 2024-ல் ஃபொன் டெர் லையன் முறைப்படி முன்னணி வேட்பாளராகவே வந்தார், 401 ஓட்டும் வாங்கினார். ஆனால் எந்த நாட்டுச் சீட்டிலும் அவர் பெயர் இல்லை.

இருந்தாலும் என் சாய்வு முதல் வழிக்குத்தான். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் ‘அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?’ என்று பிறகு கேட்கலாம். மூடிய அறையிலிருந்து வந்தவரிடம் அப்படிக் கேட்க என்ன இருக்கிறது? சரி, சீட்டில் பெயர் வர என்ன வழி? ஒன்றியம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி 28 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2022 மே மாதமே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. உறுப்பு நாட்டு அரசுகளின் ஒப்புதல் கிடைக்காமல் 2024 தேர்தலும் பழைய சீட்டிலேயே நடந்து முடிந்தது.