எம்.ஆர்.ஆர்.2-இல் நிற்பதா, டூக்–சுகேயில் காசு கொடுப்பதா?

செலாயாங்கில் வீடு, செராஸில் வேலை. கோலாலம்பூரில் இப்படி இரண்டு மூலைக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். காலையில் காரை எடுத்ததும் ஒரே கேள்விதான்: டோல் இல்லாத எம்.ஆர்.ஆர்.2 வட்டச் சாலையில் போவதா, காசு கொடுத்து டூக் விரைவுச்சாலையில் ஏறி சுகே விரைவுச்சாலைக்கு மாறுவதா? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எந்த இடத்தில் சாலையை விட்டு இறங்கப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

எம்.ஆர்.ஆர்.2 என்று நாம் சொல்வது கூட்டரசு சாலை 28-ஐ. ஸ்ரீ டாமான்சாராவில் தொடங்கி கெப்போங், பத்துமலை, கோம்பாக், மெலாவாத்தி, அம்பாங், பாண்டான், செராஸ் என்று நகரத்தின் வடக்கையும் கிழக்கையும் வளைத்து ஸ்ரீ பெட்டாலிங் வரை வருகிறது. அதோடு கெசாஸ், எல்.டி.பி. என்ற இரண்டு டோல் சாலைகளையும் சேர்த்தால்தான் வட்டம் முழுமையாகும்; சுமார் 65 கிலோமீட்டர். இதில் ஒரு வேடிக்கை. நம் பக்கத்து வளைவு முழுக்க இலவசம், பெட்டாலிங் ஜெயா, பூச்சோங் பக்கத்து வளைவில் டோல். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இலவசம் என்பதாலேயே இந்தச் சாலைக்கு இரண்டு வேலை வந்து சேர்ந்துவிட்டது. ரவாங்கிலிருந்து காஜாங் போகிற லோரியும் இதில்தான் ஓடுகிறது. மெலாவாத்தியில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுகிற அம்மாவும் இதில்தான் ஓட்டுகிறார். சாலையோரத்தில் பேருந்து நிறுத்தம், பெட்ரோல் நிலையம், குடியிருப்புக்குள் போகிற வழி, யூ-டர்ன் எல்லாம் உண்டு. வலது ஓரத்தில் வேகமாக வருபவரும், இடது பக்கம் இறங்க மூன்று தடத்தைக் குறுக்கே வெட்டுபவரும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். வண்டிகளின் எண்ணிக்கையைவிட இந்தக் குறுக்கு வெட்டுதான் ஜாமுக்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. இன்னும் ஒரு தடம் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை எனக்கு நம்பத் தோன்றவில்லை.

கெப்போங் மேம்பாலத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. தூண்களின் தலைப்பகுதியில் விரிசல் கண்டு 2004-இல் மூடினார்கள். 2006-இலும் 2008-இலும் மறுபடி மூட வேண்டி வந்தது. திறந்து சில ஆண்டுகளே ஆன பாலம் அது. அந்தக் காலத்தில் அந்த வழியாக வேலைக்குப் போனவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், டீ ஆறிப்போகும் வரை சொல்வார்கள். மாற்று வழி இல்லாத வட்டச் சாலையில் ஒரு பாலம் படுத்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

மாற்று வழி தவணை முறையில்தான் வந்தது. டூக் 2009-இல் திறந்தது. ஆனால் அது கிழக்கே உலு கிள்ளாங்கில் முடிந்து, வண்டிகளை அப்படியே எம்.ஆர்.ஆர்.2-இல் கொட்டியது. டோல் கட்டிவிட்டு அதே ஜாமில் போய் நிற்பது! 2022 செப்டம்பரில் சுகேயின் முதல் பகுதியும் 2023-இல் மீதியும் திறந்த பிறகுதான் தொடர்ச்சி கிடைத்தது. டூக் முடிகிற இடத்தில் சுகேயைப் பிடித்தால் அம்பாங், பாண்டான், செராஸ் தலைக்கு மேலேயே ஓடி ஸ்ரீ பெட்டாலிங் வரை போய்விடலாம். நீளம் 24.4 கிலோமீட்டர், பெரும்பகுதி உயரத்தில். ஆலாம் டாமாய் பக்கம் சுருண்டு சுருண்டு ஏறுகிற இணைப்பில் முதல் தடவை போகிறவர்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். டூக்கில் ஒரு சாவடிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 50 சென். சுகேயில் மூன்று சாவடிகள், ஒவ்வொன்றிலும் 2 வெள்ளிக்கு மேல். செலாயாங்கிலிருந்து தெற்கே இறங்கி டூக்கைப் பிடித்து, செராஸ் வரை சுகேயில் போனால் ஒரு வழிக்கு 7 வெள்ளியாவது ஆகும். போக வர, மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால் 300 வெள்ளியைத் தாண்டிவிடும். கம்பெனி டோல் காசு கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம், மேலே ஏறுங்கள். சொந்தக் காசென்றால் நான் காலையில் மட்டும் கட்டுவேன். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனால் பதில் சொல்ல வேண்டும். மாலையில் வீட்டுக்குத் தாமதமானால் சோறு ஆறும், அவ்வளவுதான்.

ஆனால் எங்கே இறங்குகிறோம் என்ற விஷயம் இருக்கிறதே. பாண்டான் இண்டாவிலோ தாமான் கன்னாட்டிலோ இறங்க வேண்டியவர், சுகேயில் எவ்வளவு வேகமாக வந்தாலும் கடைசியில் கீழே இருக்கிற அதே சந்திப்புகளுக்குத்தான் வந்து சேர வேண்டும். புதன்கிழமை மாலை கன்னாட்டில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) இருக்கும்போது மேலே மிச்சப்படுத்திய நேரம் கீழே போய்விடும். அதனால் வடக்கிலிருந்து ஸ்ரீ பெட்டாலிங் வரை நெட்டுக்குப் போகிறவருக்கு சுகே, கோம்பாக்கிலிருந்து அம்பாங் போன்ற பக்கத்து ஊர்ப் பயணத்துக்கு எம்.ஆர்.ஆர்.2. இரண்டு டோல் கட்டி ஏறி இறங்குவதற்குள் கீழேயே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. டோல் கிடையாது, அதனால் சுகே இலவசம்தான். சிக்கல் மழையில். எம்.ஆர்.ஆர்.2-இல் மழை வந்தால் ஏதாவது மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் (சாலையிலேயே நிறுத்துவது ஆபத்து, அது வேறு விஷயம்). சுகேயில் நீங்கள்தான் மேம்பாலத்துக்கு மேலே இருக்கிறீர்கள். ஒதுங்க இடம் தேடுவது கஷ்டம். மேகம் கறுத்தால் கீழ் வழிதான் நல்லது.

மூன்றாவது ஆளாக ரயிலையும் சேர்க்கிறேன். மாதம் 50 வெள்ளி பாஸ் எடுத்தால் எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். 300 வெள்ளி டோலோடு வைத்துப் பாருங்கள். கெப்போங் பாரு, கம்போங் பத்து பக்கம் இருப்பவர் புத்ராஜெயா தடத்தில் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் வரை வந்து, காஜாங் தடத்துக்கு மாறினால் தாமான் கன்னாட் வரை போய்விடலாம். 2023 மார்ச்சில் புத்ராஜெயா தடம் முழுதாகத் திறந்த பிறகு இது நல்ல வழி. ஆனால் தாமான் மெலாத்தியிலிருந்து பாண்டான் இண்டா போக நினைத்தால்? மஸ்ஜித் ஜாமேக் வரை போய், தடம் மாறி, திரும்பி வர வேண்டும். நம் ரயில்கள் எல்லாம் ஊர் நடுவுக்கு ஓடுகின்றன, ஓரத்தைச் சுற்றுவதில்லை. சுமார் 51 கிலோமீட்டரில் எம்.ஆர்.டி. 3 வட்டத் தடம் திட்டமிட்டிருப்பது இதற்காகத்தான். அது வரும் வரை கிழக்கு ஓரத்து ஊர்களுக்குள் ரயில் போட்டியிலேயே இல்லை.

தைப்பூச நாட்களில் இந்த அலசல் எதுவும் செல்லாது. எம்.ஆர்.ஆர்.2 பத்துமலை வாசலை ஒட்டிப் போகிறது, டூக் பத்துமலைக்குப் போவதே இல்லை. எதில் வந்தாலும் கடைசித் துண்டு மாட்டிக்கொள்ளும். கே.டி.எம். ரயில் 2010 முதல் பத்துமலை வரை வருகிறது. காரை வீட்டில் விட்டுவிட்டு அதில் ஏறுங்கள். பால்குடத்தை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் நெருக்கும்.