500 எம்எம் லென்ஸுக்கு ஒரு டிரைபாட்: எட்டு மாதம் சேற்றிலும் மலையிலும் வைத்துப் பார்த்த பிறகு

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். கால் லியோஃபோட்டோ எல்எஸ்-324சி, அதன் மேல் லென்ஸைத் தாங்கும் ஹெட் விம்பர்லி டபிள்யூஎச்-200 என்ற கிம்பல். கால் புதிது, பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாங்கினேன். ஹெட் ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. இதன் மேல் உட்காருவது கேனன் 500 எம்எம் எஃப்4, 1999-இல் வந்த முதல் பதிப்பு. லென்ஸ் மட்டும் 3.87 கிலோ, கூட 7டி மார்க் 2 கேமரா பேட்டரியோடு 910 கிராம். ஆக ஏறக்குறைய 4.8 கிலோ, அதுவும் கண்ணாடி எல்லாம் முன்பக்கம் இருப்பதால் மூக்கு கனத்த பாரம். பினாங்கில் பறவை எடுக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் இந்த செட் எப்படி என்று கேட்டுவிட்டார்கள், ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது ஓர் அலுமினிய டிரைபாட், ஒரு பந்தின் மேல் சாய்ந்து திரும்பும் பால் ஹெட்டும் சேர்ந்தே வந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம். பெட்டியில் 12 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது, நம்முடையது ஐந்து கிலோகூட இல்லை, தாராளம் என்று வாங்கினேன். நவம்பரில் ஒரு காலை தெலுக் ஆயர் தாவார் கரையில், தண்ணீர் ஏற ஏற உள்ளான் கூட்டம் சேற்றுத் திட்டிலிருந்து நம் பக்கம் ஒதுங்கி வருகிற நேரம், ஹெட்டை நன்றாக இறுக்கிவிட்டுப் பையிலிருந்து மெமரி கார்டு எடுக்கத் திரும்பினேன். பந்து முதலில் நகர்வதே தெரியவில்லை. பாதி சாய்ந்ததும் வேகம் பிடித்து, லென்ஸ் தலைகுப்புற விழுந்து, அதன் முன்னால் மாட்டிய ஹூடு காலில் மோதி, டிரைபாடின் பின்கால் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. தாவிப் பிடித்தேன். ஹூடில் ஒரு நீளமான கீறல், லென்ஸின் அடியில் திருகியிருக்கும் பிளேட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மாட்டிய என் சுண்டுவிரல் நகம் ஒரு மாதம் கறுத்துக் கிடந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு அதுதான் பெரிய விஷயம்.

அந்த 12 கிலோ என்ற எண்ணை நான் இப்போது பார்ப்பதே இல்லை. அதை எப்படி அளப்பது என்று எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொண்ட பொது முறை எதுவும் கிடையாது, ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் போடுகிறார்கள். நேர் மேலே பாரம் வைத்தால் கால் உடையாது, பூட்டு இறங்காது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நமக்கு வேண்டியது வேறு. ஆடக் கூடாது, ஆடினாலும் சட்டென்று அடங்க வேண்டும். ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 7டி மார்க் 2 சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4.1 மைக்ரான். 500 எம்எம் லென்ஸ் வழியாக 50 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையில் அது 0.4 மில்லிமீட்டர். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அந்த அளவு ஆடினாலே இறகின் வரி மங்க ஆரம்பித்துவிடும். லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் எக்ஸ்டெண்டர் மாட்டினால் இன்னும் மோசம். பல வருடமாக என் படங்களில் இருந்த மெல்லிய மங்கலை லென்ஸின் வயசு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் மேல் தப்பே இல்லை.

பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு சார் இருக்கிறார், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவில் அவருக்குத்தான் அனுபவம் அதிகம். நகம் கறுத்த விரலைப் பார்த்துவிட்டு, "லென்ஸுக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்தியே தம்பி, அது நிக்கிற காலுக்கு மட்டும் ஏன் கணக்குப் பாக்குற?" என்றார். அப்புறம் தன் விம்பர்லி ஹெட்டைக் கழற்றிக் கொடுத்து, "இதை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போ, உன் லென்ஸையும் கொண்டு போ, மாட்டிப் பாக்காம வாங்காதே" என்று அனுப்பினார்.

கடைக்காரத் தவுக்கே நல்ல மனிதர். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்து, மூன்று கால்களை வரிசையாக வைக்க விட்டார்: என் பழைய அலுமினியம், மேல் குழாய் 28 மில்லிமீட்டர் உள்ள ஒரு கார்பன் கால், 32 மில்லிமீட்டர் உள்ள இந்த எல்எஸ்-324சி. மூன்றிலும் அதே ஹெட், அதே லென்ஸ், லென்ஸுக்குள்ளேயே ஆட்டத்தைக் குறைக்கும் ஐஎஸ் வசதியை அணைத்துவிட்டேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெயர்ப்பலகை, அதில் ஒரு சீன எழுத்தின் ஓரத்தை லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஹூடின் நுனியை ஒரு விரலால் தட்டினேன். பழைய காலில் எழுத்து திரையை விட்டே வெளியே போய்த் திரும்பி வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போதும் ஓரம் துடித்துக்கொண்டே இருந்தது. நடுத்தண்டை முழுக்க இறக்கிவிட்டுத் தட்டினேன், பாதியாகக் குறைந்துவிட்டது. நடுத்தண்டை ஏற்றி வைத்துத்தான் இத்தனை வருடமும் எடுத்திருக்கிறேன். 28 காலில் இரண்டு எண்ணுவதற்குள் அடங்கியது. 32 காலில் எழுத்து ஒருமுறை குலுங்கி, ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. தவுக்கே தானும் வந்து இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், காசு கேட்காது. லென்ஸைக் கொண்டு போய் மாட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற கடையில் இந்த விலைக்குக் கால் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

குழாய் தடிமனுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. சுவர் தடிமன் ஒன்றாகவே இருந்தாலும், குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 25 மில்லிமீட்டர் குழாயை 32 ஆக்கினால் அது 1.28 மடங்கு, 1.28 × 1.28 × 1.28 போட்டுப் பாருங்கள், இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடும். எல்எஸ்-324சி என்ற பெயரிலேயே விவரம் இருக்கிறது: 32 என்பது மேல் குழாயின் விட்டம், 4 என்பது ஒவ்வொரு காலும் நான்கு துண்டு, சி என்றால் கார்பன். நடுத்தண்டு இல்லை, ஹெட் நேராகக் கால்கள் சேருகிற இடத்தின் மேலேயே உட்காரும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது குறை இல்லை, அதற்காகவே வாங்க வேண்டும். கார்பன் இன்னொரு வகையிலும் பிடித்திருக்கிறது, அதிர்வை அலுமினியத்தை விட வேகமாகக் குடித்துவிடுகிறது, பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தொட்டாலும் அலுமினியம் அளவுக்குக் கை சுடாது.

இனி ஹெட். பால் ஹெட்டில் லென்ஸ் பந்துக்கு மேலே நிற்கிறது, கொஞ்சம் சாய்த்தால் போதும், பாரம் கீழே போகத் துடிக்கும், அதைத் தடுப்பது இறுக்கம் மட்டும்தான். நல்ல, பெரிய பால் ஹெட் பிடித்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் இறுக்கி, தளர்த்தி, இறுக்கி என்று இருந்தால் பறவை போய்விடும், தளர்த்தியபடி வைத்திருந்தால் எனக்கு நடந்தது நடக்கும். கிம்பலில் லென்ஸ் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது, சுழலும் அச்சும் பாரத்தின் நடுவும் ஒரே கோட்டில் வந்துவிடுவதால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். அன்றைக்கு அஞ்சடியில் முதல் தடவை கையை எடுத்தபோது நெஞ்சு படபடத்தது, ஐந்து கிலோ சாமான் வானத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது.

அது தானாக வராது, சரிசெய்ய வேண்டும், நிறையப் பேர் இதைச் செய்யாமலே கிம்பல் சரியில்லை என்கிறார்கள். கேமரா, ஹூடு, எக்ஸ்டெண்டர், எது மாட்டி எடுக்கப்போகிறீர்களோ எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு சாய்வுத் திருகைத் தளர்த்துங்கள். மூக்கு இறங்கினால் பிளேட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள், கேமரா இறங்கினால் முன்னுக்கு. மட்டமாக நின்றதும் அந்த இடத்தை பிளேட்டில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள், எக்ஸ்டெண்டருக்கு இன்னொரு கோடு. அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. லென்ஸை மேல் நோக்கிச் சாய்த்துக் கையை விடுங்கள். அது இன்னும் சாய்ந்துகொண்டே போனால் லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது, லென்ஸ் தாங்கும் மேடையை இறக்க வேண்டும். தானாக மட்டத்துக்குத் திரும்பி வந்தால் அச்சுக்குக் கீழே இருக்கிறது, ஏற்ற வேண்டும். விம்பர்லியில் அந்த மேடையை ஏற்றி இறக்கலாம், அதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம். ஏற்றி இறக்க முடியாத மலிவு கிம்பல்களும் விற்கிறார்கள், அவற்றில் உங்கள் லென்ஸ் சரியாக உட்கார்ந்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, கிம்பலில் பக்கவாட்டுச் சாய்வு கிடையாது. கால் மட்டமாக நிற்காவிட்டால், செம்பருந்தைத் தொடர்ந்து திரும்பும்போது கடல் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். காலில் உள்ள நீர்மட்டக் குமிழியை முதலில் பாருங்கள். அவசரத்துக்கு லென்ஸ் வளையத்தைத் தளர்த்தித் திருப்பிச் சமாளிக்கலாம்.

பிளேட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சங்கிலியில் அறுகிற இடம் பல நேரம் அதுதான். ஆர்க்கா-சுவிஸ் பாணி (பல கம்பெனி ஹெட்டுகளிலும் மாட்டக்கூடிய வகை), 38 மில்லிமீட்டர் அகலம், நீளமான லென்ஸ் பிளேட்டாக வாங்குங்கள். ஒரே திருகில் நிற்கும் பிளேட் கனமான லென்ஸில் மெல்லத் திரும்பிவிடும், இரண்டு திருகு போட இடம் இருந்தால் இரண்டையும் போட்டு அலென் சாவியால் இறுக்குங்கள். பிளேட்டின் இரு முனையிலும் அடியில் வரும் குட்டித் தடுப்புத் திருகைத் தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஹெட்டில் பிளேட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்தால் லென்ஸ் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போகாமல் நிறுத்துவது அதுதான்.

களத்தில் எப்படி? பினாங்கு மலையில் காட்டுக்குள் காலை எட்டு மணிக்குக்கூட வெளிச்சம் போதாது, ஷட்டர் வேகம் 1/60 நொடி வரை இறங்க வேண்டியிருக்கும். பழைய காலில் அந்த வேகத்தில் பத்தில் ஒன்று தேறினால் பெரிது, இப்போது லைவ் வியூவில் எடுத்தால் பாதிக்கு மேல் தேறுகிறது. கேமரா மேல் இடது கையை லேசாக வைத்து அழுத்திக்கொள்வேன், அதுவும் உதவுகிறது. காற்றடிக்கும் கரையில் நடுவில் பையைத் தொங்கவிடும்போது பை தரையைத் தொடட்டும், அந்தரத்தில் ஆடினால் அதுவே ஆட்டிவிடும்.

காலை நீட்டும்போது தடித்த துண்டை முதலில் நீட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், காய்ந்த தரையில் அது சரிதான். சேற்றில் நான் மாற்றிச் செய்கிறேன். கடைசி மெல்லிய துண்டை முழுக்க இழுத்துவிட்டால் பூட்டு சேற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் மேலே நிற்கும். கொஞ்சம் விறைப்பு குறையும், பூட்டுக்குள் மணல் போவதற்கு அது மேல். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கால்களை நீட்டியபடியே காயவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூட்டைக் கழற்றித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறேன். எட்டு மாதத்தில் ஒரு பூட்டும் கரகரக்கவில்லை.

கனம் உண்டு. ஹெட் மட்டுமே 1.4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. லென்ஸோடு சேர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் அணை ஏற்றத்தில் நடந்தால் எலும்பில் இறங்கும், நான் பழைய யோகா பாயைச் சுருட்டி மேல் குழாயில் சுற்றியிருக்கிறேன். கூட்டத்துக்கு இது ஆகாது. தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக்கு இதைக் கொண்டு போக நினைக்காதீர்கள், மூன்று காலை விரிக்க இடமும் இல்லை, காவடி வருகிற வழியில் விரிப்பது மரியாதையும் இல்லை. அங்கே சின்ன லென்ஸ், அதிகம் போனால் மோனோபாட்.

செலவு: கால் 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்) முடிந்தது. சார் கனம் குறைந்த லென்ஸுக்கு மாறிவிட்டதால் ஹெட்டை 1,500-க்கு எனக்கே கொடுத்துவிட்டார். உங்கள் லென்ஸ் இரண்டு கிலோ சொச்சம் உள்ள 150-600 ரகம் என்றால் இவ்வளவு வேண்டாம், நடுத்தண்டு இல்லாத 28 மில்லிமீட்டர் காலும் மேடையை ஏற்றி இறக்கக்கூடிய கிம்பலும் போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல பிளேட் வாங்கலாம். நாலு கிலோ லென்ஸ் என்றால் 32-க்குக் கீழே போக வேண்டாம். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் கால், ஹெட்டை அடுத்த போனஸுக்குத் தள்ளலாம்.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை, தண்ணீர் ஏற்றம் காலையில் வருகிற சனிக்கிழமைகளில் நான் தெலுக் ஆயர் தாவாரில்தான் இருப்பேன். வாங்குவதற்கு முன்னால் உங்கள் லென்ஸை எடுத்து வாருங்கள், என் காலில் மாட்டித் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.