இழுத்துப் போட்ட ஃபைல்: சாம்பிள் ரூமில் மூன்று வருட லினக்ஸ்

"ஏனுங் மச்சான், ஒரே கம்ப்யூட்டர்ல ஆளாளுக்கு லாகின் போட்டு வச்சிருக்கீங்களே, ஒழுங்கா ஓடுதுங்ளா? நானும் போட்டறட்டுங்ளா?" என்று சென்னிமலையில் பெட்ஷீட் யூனிட் வைத்திருக்கும் மாப்பிள்ளை கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. சாம்பிள் ரூமில் பேட்டர்ன் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், கட்டிங் சூப்பர்வைசர் மூவருக்கும் பொதுவாக ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர், ஒரு குரூப் (ஒரே அனுமதி பெறும் ஆட்களின் பட்டியல்). முதல் மாதமே தகராறு. மாஸ்டர் போட்ட அளவு ஷீட் கட்டிங்காரருக்குத் திறக்கும், சேமிக்க விடாது. அவர் வேறு பெயரில் சேமித்து வைப்பார். ஒரே ஸ்டைலுக்கு இரண்டு ஷீட், செஸ்டில் அரை இன்ச் வித்தியாசம். தப்பான ஷீட்டைப் பார்த்து ஒரு சாம்பிளைத் தைத்தே விட்டார்கள்.

லினக்ஸில் புது ஃபைல் ஃபோல்டரின் குரூப்பை எடுக்காது, உருவாக்கியவரின் முதன்மை குரூப்பைத்தான் எடுக்கும். யூமாஸ்க், அதாவது புது ஃபைலில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்ற எண், 022 என்றால் குரூப்புக்கு எழுதும் உரிமையும் கிடையாது. அதனால் ஃபோல்டருக்கு 2770 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்தேன். முன்னால் நிற்கும் 2 தான் செட்ஜிஐடி. அதைப் போட்டால் உள்ளே உருவாகும் ஃபைலெல்லாம் ஃபோல்டரின் குரூப்பிலேயே வரும். கூடவே டீஃபால்ட் ஏசிஎல்லும் வைத்தேன், உள்ளே உருவாகும் ஃபைல்களில் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல் அது. அது இருந்தால் யூமாஸ்க் குறுக்கே வராது.

அப்புறம் அருமையாக ஓடியது. விலைக் கணக்கு இருக்கும் காஸ்டிங் ஃபோல்டரைத் தனி குரூப்பில் பூட்டினேன், மூன்று வருடமாக வேறு யாரும் திறக்கவில்லை. பழக வந்த பையன் வேலையை விட்டுப் போனபோது குரூப்பிலிருந்து எடுக்க ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது.

ஆனால் இழுத்துப் போடுவதுதான் தீராத தொல்லை. மெர்ச்சண்டைசர் பையர் அனுப்பிய ஷீட்டைத் தன் லாகினில் இறக்கி, மவுஸால் இழுத்துப் பொது ஃபோல்டரில் போடுவார். இரண்டும் ஒரே பார்ட்டிஷன் (டிஸ்கின் ஒரே பகுதி), ஆகவே ஃபைல் இடம் மட்டும்தான் மாறுகிறது. பழைய குரூப்பும் பழைய அனுமதியும் கூடவே வந்துவிடும், செட்ஜிஐடி அதைத் தொடாது. காப்பி செய்து ஒட்டுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். குரூப் சரியாகிறது. ஆனால் மூல ஃபைல் 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும்) என்றால் எழுதும் உரிமை அப்போதும் வருவதில்லை, ஏசிஎல் இருந்தும்! இடம் மாற்றுவது வெறும் பெயர் மாற்றம் போலத்தான், ஃபைலுக்குள் எதுவும் மாறாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆர்டர் அவசரத்தில் நிற்கும் கட்டிங்காரரிடம் அதைச் சொல்ல முடியுமா? இப்போது ராத்திரி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை ஓடி எல்லாவற்றையும் திருத்துகிறது. பகலில் சிக்கினால் நான்தான் எழுந்து போக வேண்டும்.

மாப்பிள்ளை, எப்படியும் போடுவீர்கள் என்றால் ஒன்று. யூசர்மாட் கட்டளையில் ஆளைக் குரூப்பில் சேர்க்கும்போது பெரிய ஜி-க்கு முன்னால் சின்ன ஏ-வை விட்டுவிடாதீர்கள். விட்டால் அவர் இருந்த மற்ற துணைக் குரூப்பெல்லாம் போய்விடும், நிர்வாகி உரிமை தரும் சூடோ உள்பட.

என் கம்ப்யூட்டரில் இதைக் கழற்ற மாட்டேன். ஆனால் உங்களுக்கு இன்றைக்கு என் பதில், வேண்டாங்க. சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன், பழைய குரூப்போடு 11 ஃபைல் கிடக்கிறது.