க்யூடபிள்யூகே பாக்கெட்டா, பாயின்ட்டா?

பிபிஎஸ் எனும் கணினிச் செய்திப் பலகைகளில் (போர்டுகளில்) ஓடும் எக்கோக்களை, அதாவது பல போர்டுகளுக்குப் பொதுவான விவாதப் பகுதிகளை, இணைப்பில் இருந்தபடியே படிக்க எனக்குப் பொறுமை கிடையாது. மொத்தமாக இறக்கிக்கொண்டு, நிதானமாகப் படித்து, பதில் எழுதி, அப்புறம் ஒரே தடவையில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, 1987-இல் மார்க் ஹெர்ரிங் உருவாக்கிய க்யூடபிள்யூகே பாக்கெட்: போர்டு செய்திகளை ஒரே கட்டாகக் கட்டித் தரும் கோப்பு. இன்னொன்று, போர்டுகளை இணைக்கும் ஃபிடோநெட் வலையமைப்பில் ஒரு நோடுக்கு (உறுப்புக் கணினிக்கு) கீழே பாயின்ட் ஆகிவிடுவது, அதாவது அதன் துணை முகவரி ஒன்றைப் பெறுவது. முதலாவதில் இரண்டு வருடம் இருந்தேன். இப்போது பாயின்ட். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

க்யூடபிள்யூகேயின் வசதி தெரிந்ததுதான். போர்டில் கணக்கு இருந்தால் போதும். மல்ட்டிமெயில் என்ற நிரலில் பாக்கெட்டைத் திறந்து படிக்கலாம், பதில்கள் ஆர்இபி கோப்பாகத் திரும்பிப் போகும். பொருள் வரிக்கு 25 எழுத்துதான் இடம், ஃபிடோநெட்டில் 71. க்யூடபிள்யூகேஇ நீட்டிப்பை ஆதரிக்கும் போர்டில் அந்தக் குறையும் தெரியாது. பாயின்ட்டுக்கு மெயிலர் (அனுப்பிப் பெறுவது), டாஸர் (வந்த செய்திகளைப் பிரித்து அடுக்குவது), எடிட்டர் (படித்து எழுதுவது) மூன்றையும் நாமே அமைக்க வேண்டும். எனக்கு அவை முறையே பிங்க்டி, ஹெச்பிடி, கோல்டெட். ஒரு வார இறுதி முழுக்கப் போனது.

அந்த உழைப்புக்குப் பலன் ஒரே இடத்தில் கிடைக்கிறது: செய்தியின் அடையாளம் எங்கே பிறக்கிறது என்பதில்.

க்யூடபிள்யூகே பாக்கெட்டில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அது அந்த போர்டு தன் வசதிக்குப் போட்ட வரிசை எண். நான் பதில் எழுதும்போது ‘4512-க்குப் பதில்’ என்றுதான் ஆர்இபியில் பதிவாகிறது. நான் படித்துக்கொண்டிருக்கும் இரண்டு நாளில் போர்டு பழைய செய்திகளை நீக்கி எண்களை மாற்றிவிட்டால், என் பதில் யாரோ எழுதிய வேறு செய்திக்கு அடியில் போய் உட்காரும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒருவரின் கேள்விக்கு எழுதிய நீளமான பதில், சம்பந்தமில்லாத இழையில் கிடந்தது. கேட்டவர் பார்க்கவே இல்லை.

ஃபிடோநெட்டின் செய்தி அடையாளமான எம்எஸ்ஜிஐடி வேறு மாதிரி. 1991-இல் வந்த எஃப்டிஎஸ்-0009 விதிப்படி, எழுதியவரின் முகவரியும் அதையடுத்து எட்டு இலக்கப் பதினறும எண்ணும் சேர்ந்ததுதான் அடையாளம். அதே முகவரியிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதே எண் மறுபடி வரக்கூடாது. பதில் எழுதினால் மூலச் செய்தியின் அடையாளம் அப்படியே ரிப்ளை வரிக்குப் போகிறது. எந்த போர்டு எண்ணை மாற்றினாலும் இழை அறுவதில்லை.

இரட்டைச் செய்தி விஷயத்திலும் இதேதான். ஆர்இபி ஏற்றும்போது இணைப்பு விட்டுப்போய், போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி ஏற்றுகிறோம் என்று வையுங்கள். ஆர்இபியில் எம்எஸ்ஜிஐடி இருக்காது; போர்டுதான் போடும். இரண்டு தடவை ஏற்றினால் இரண்டு வெவ்வேறு அடையாளம். அடையாளத்தை மட்டும் பார்க்கும் டாஸர் இரண்டையும் புதுசு என்று நினைத்து ஊரெல்லாம் அனுப்பிவிடும். உரையையே ஒப்பிட்டுத் தடுக்கிற போர்டுகள் உண்டு, எல்லாமும் அப்படி இல்லை. பாயின்ட்டில் கோல்டெட் செய்தியைச் சேமிக்கும்போதே அடையாளம் விழுந்துவிடுகிறது. பத்துத் தடவை அனுப்பினாலும் மேல்நோடு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும்.

ப்ளூ வேவ் என்ற இன்னொரு வகை பாக்கெட்டையும் சில வாரம் பயன்படுத்தினேன். நீளமான பெயர்களும் பொருள் வரியும் அதில் வெட்டுப்படாது, ஆனால் பதில் அங்கேயும் போர்டின் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதற்குமேல் தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு அதில் நான் புழங்கவில்லை. எக்கோவில் எப்போதாவது ஒரு வரி எழுதுகிறவருக்கும், பல போர்டுகளில் சுற்றுகிறவருக்கும் க்யூடபிள்யூகேதான் சரி.

பாயின்ட்டில் கவனிக்க வேண்டியதும் இதே அடையாளம்தான். அதை நாமே பிறப்பிக்கிறோம் என்றால் தனித்தன்மைக்கும் நாமே பொறுப்பு. சில நிரல்கள் கடிகாரத்திலிருந்து எண்ணை எடுக்கும், சில ஒரு கவுன்டர் கோப்பை வைத்துக்கொள்ளும். ஒரு தடவை கணினியை மாற்றியபோது என் கவுன்டர் பழைய நகலுக்குத் திரும்பிவிட்டது. அடுத்து எழுதிய ஏழெட்டுச் செய்திகளும் மேல்நோடில் ‘ஏற்கெனவே வந்தது’ என்று சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டன. யாரும் பதில் போடவில்லையே என்று ஒரு வாரம் காத்திருந்த பிறகுதான் காரணம் புரிந்தது. இப்போதெல்லாம் புது இடத்தில் நிறுவினால், கவுன்டரைப் பல ஆயிரம் முன்னே தள்ளிவிட்டுத்தான் முதல் செய்தியை எழுதுகிறேன்.