ஆச்சி வழுக்கி விழாமல் இருக்க என்ன வழி: ஸ்காலரில் தேடுவதா, பப்மெட்டிலா, காக்ரேனிலா?

நர்சிங், பிசியோதெரபி படிப்பவர்களுக்குச் செட்டிநாட்டில் ஆய்வுத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருப்பார். உயரமான நிலைப்படி, மழை இறங்கும் முற்றம், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். விழாமல் தடுப்பதில் உடற்பயிற்சி பலன் தருமா, கைப்பிடி வைப்பது போன்ற மாற்றங்கள் பலன் தருமா? இந்தக் கேள்விக்கு ஆதாரம் தேட எந்தத் தளம் நல்லது என்று பார்ப்போம்.

எல்லோரும் முதலில் போவது கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்துக்குத்தான். எதைத் தட்டினாலும் ஏதாவது வரும், சிக்கலும் அங்கேதான். லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்க முடியாது. எந்தக் கணக்கில் வரிசைப்படுத்துகிறது என்பதும் நமக்குத் தெளிவாகத் தெரியாது. ‘ஃபால்’ என்று போட்டால் ரத்த அழுத்தம் குறைவதும் வரும், அமெரிக்க இலையுதிர் காலமும் வரும்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட்டும் இலவசம்தான், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. அதன் பலம் மெஷ் என்ற தலைப்புச் சொல் பட்டியல். கட்டுரை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் சரி, கீழே விழுவது பற்றியது என்றால் ‘ஆக்சிடென்டல் ஃபால்ஸ்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். நீங்கள் போட்ட சொல்லை அது தானாக எந்தத் தலைப்புக்கு மாற்றிக்கொண்டது என்பதை அட்வான்ஸ்ட் பக்கத்தில் விரித்துப் பார்க்கலாம். மேற்கோள் குறிக்குள் போட்டால் இந்தத் தானியங்கி மாற்றம் நின்றுவிடும். சொற்களை இணைக்கும் அண்ட் (AND), ஆர் (OR) இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள். இடமிருந்து வலமாகவே கணக்கிடும் என்பதால், ஒரே பொருள் தரும் சொற்களை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுவது நல்லது.

பப்மெட்டில் நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் 60 வயதானால் மூத்த குடிமக்கள். மெஷ்ஷில் ‘ஏஜ்ட்’ தொடங்குவதோ 65-இல். 45 முதல் 64 வரை ‘மிடில் ஏஜ்ட்’. ஓரத்தில் இருக்கிற 65+ வயது வடிகட்டியைத் தட்டினால் 62 வயது ஆச்சி நடுவயதுக்காரியாகிவிடுவார். மெஷ் குறிக்கப்படாத புதிய கட்டுரைகளும் அதோடு போய்விடும். ஆகவே வடிகட்டியைத் தொடாமல், இரண்டு வயதுத் தலைப்புகளையும், கூடவே தலைப்பிலும் சுருக்கத்திலும் ‘ஓல்டர்’, ‘எல்டர்லி’ போன்ற சொற்களையும் ஆர் போட்டு இணையுங்கள்.

ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால், ஒரே கேள்வி பற்றிய சோதனைகளைத் திரட்டி எடைபோடும் அலசல்கள் இருக்கும் காக்ரேன் நூலகத்தைத் திறக்கச் சொல்வேன். நம் கேள்விக்கு அங்கே விடையே கிடக்கிறது. 2019 உடற்பயிற்சி அலசல் 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, விழும் விகிதம் சுமார் 23% குறைவதாகச் சொன்னது. 2023-இல் வீட்டு மாற்றங்கள் பற்றிய அலசலில் மொத்தத்தில் 26% குறைவு, விழும் ஆபத்து அதிகமுள்ளவர்களில் 38%. வெளியாகி ஓராண்டு ஆன அலசல்களை இலவசமாகப் படிக்கலாம். அதைவிடப் பெரிய லாபம் பின்னிணைப்பில் இருக்கிறது: மெட்லைன் (பப்மெட்டின் முக்கியப் பகுதி), எம்பேஸ் போன்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களில் எந்தத் தேடல் வரியைப் போட்டார்கள் என்று அப்படியே அச்சிட்டிருப்பார்கள். அதை எடுத்து நம் ஊருக்கு ஏற்ப வெட்டி ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கேள்வி புதியதாக இருந்தால் காக்ரேன் கை விரித்துவிடும். ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

எம்பேஸும், நர்சிங் கட்டுரைத் தரவுத்தளமான சினாலும் சந்தா கட்ட வேண்டியவை. முறையான அலசல் எழுதுபவருக்கு எம்பேஸ் வேண்டும், நர்சிங் தலைப்புக்கு சினால் நல்லது. கல்லூரி நூலகத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இளநிலைப் பிராஜெக்ட் அதற்காக நின்றுவிடாது.

அப்புறம், ஸ்காலரை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும் அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பிடிக்கவும், பப்மெட்டில் ஏறாத இந்திய இதழ்களைத் தேடவும் அதுதான் வசதி. ஆய்வேடு வேண்டுமென்றால் சோத்கங்காவுக்குப் போங்கள். எங்கே தேடினாலும், போட்ட வரி, தேதி, வந்த எண்ணிக்கை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.